முதல் கீமோ முடிந்த பிறகு... துணைவர் கவனிக்க வேண்டிய 21 நாள்கள்!

முதல் கீமோவுக்குத் தேதி குறித்ததுமே வீடு பரபரப்பாகிவிடும். ஆபீஸில் லீவு சொல்லியாயிற்று. காருக்கு ஏற்பாடு செய்தாயிற்று. ஊரிலிருந்து அம்மாவோ, அக்காவோ வந்து இறங்கியாயிற்று. ஃபைல், ஃபிளாஸ்க், போர்வை, பிஸ்கட், ஏ.டி.எம் கார்டு எல்லாம் ஒரே பையில் தயார்.

அந்த நாளும் வரும். டே கேர் வார்டில் ஒரு கட்டில் அல்லது சாய்வு நாற்காலி. கையில் ஊசி, மேலே டிரிப்ஸ் பாட்டில். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 'இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை பயந்தோம்?' என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். இரண்டு நாள் கழித்து அக்கா ஊருக்குக் கிளம்புவார். லீவு முடிந்து கணவர் வேலைக்குப் போய்விடுவார்.

ஆனால், கீமோவின் பெரும்பாலான பக்கவிளைவுகள் அதற்குப் பிறகுதான் வரிசையாக வரத் தொடங்கும். வீட்டில் ஆள் குறையும் நேரமும், நோயாளிக்கு ஆள் தேவைப்படும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் துணைவரால் பாதிப் பிரச்னைகளைச் சமாளித்துவிட முடியும்.

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அதற்காக 21 நாள்களுக்கு ஒருமுறை கீமோ எடுக்கத் தொடங்கும் ஒரு மனைவியையும், அவர் கணவரையும் இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். மருந்தும் இடைவெளியும் ஆளுக்கு ஆள் மாறும். சிகிச்சை தரும் டாக்டர் சொல்வதே இறுதி. நோயாளி கணவராக இருந்தாலும், இதில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

ஏன் நாள் கணக்கு?

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல்கள் அப்படிப் பெருகுபவை. உடலில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் வேறு செல்களும் உண்டு. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்த அணுக்கள் ஆகியவை அவை. முடி கொட்டுவது, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் இதனால்தான்.

இவை ஒரே நாளில் வருவதில்லை. வாந்தி முதல் சில நாள்களில். வெள்ளை அணுக்கள் குறைவது பெரும்பாலும் 7-வது நாளிலிருந்து 14-வது நாளுக்குள். முடி கொட்டுவது இரண்டு, மூன்று வாரங்களில். அதனால்தான், வீட்டுக் காலண்டரில் கீமோ நாளை '1' என்று எழுதி, அங்கிருந்து 21 வரை எண் போட்டு வைப்பது நல்லது. பத்து ரூபாய் நோட்டு ஒன்றும் தேவை. எந்த நாளில் என்ன தொந்தரவு, எத்தனை முறை வாந்தி, எந்த மாத்திரை எப்போது, காய்ச்சல் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். எழுதும் பொறுப்பு கணவருடையது.

முதல் டோஸுக்கு முன்பே கேட்க வேண்டியவை

சில கேள்விகளை முதல் டிரிப்ஸ் ஏறுவதற்கு முன்புதான் கேட்க முடியும். அதன் பிறகு கேட்டுப் பயனில்லை.

முதலாவது, குழந்தை. இனி குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கும் இளம் தம்பதி என்றால், கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் பாதிக்கும். முன்கூட்டியே உறைநிலையில் சேமித்துவைக்க வழி உண்டு. 'உயிரே பெருசு, இந்த நேரத்துல இதைப் போய் எப்படிக் கேட்பது?' என்று மனைவி தயங்கலாம். அப்போது கணவர் கேட்க வேண்டும். சிகிச்சை நடக்கும் காலத்தில் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்வது பற்றியும் அதே சமயத்தில் கேட்டுவிடலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். சுகர், பிரஷர், தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, யாரோ கொடுத்த சூரணம், ஆன்லைனில் வாங்கிய சத்துப் பொடி என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் வைத்துவிடுவது உத்தமம். கீமோவுடன் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தால் சுகர் ஏறும். அதனால் சர்க்கரை நோயாளிகள் அளவை எப்படிக் கவனிப்பது என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, பரிசோதனைகள். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் மறைந்திருந்தால் கீமோவின்போது அது மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால், அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யப்படும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்றால் எக்கோ எடுப்பார்கள். சொத்தைப் பல், ஈறு வீக்கம் இருந்தால், அதையும் முன்பே காட்டிவிட வேண்டும். வாயில் இருக்கும் சிறு புண்கூட பின்னர் கிருமி நுழையும் வாசலாகிவிடலாம்.

நாள் 1: டே கேர் வார்டில்

தளர்வான, கை ஏற்றிவிடக்கூடிய உடை. லேசான காலை உணவு. மொபைலில் பிடித்த பாட்டு. இவ்வளவு போதும் மனைவிக்கு. கணவருக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, ஊசி போட்ட இடத்தைக் கவனிப்பது. மருந்து ஏறும்போது அந்த இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் என்று மனைவி சொன்னால், உடனே நர்ஸை அழைக்க வேண்டும். சில மருந்துகள் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். 'பரவாயில்லை, பொறுத்துக்கிறேன்' என்று சொல்லிப் பழகியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். இங்கே பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு, மருந்தின் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்வது. மார்பகப் புற்றுநோய்க்குப் பலருக்கும் தரப்படும் டாக்ஸோரூபிசின் சிவப்பு நிறத்தில் இருக்கும். அது ஏறிய ஓரிரு நாள்களுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். முன்பே தெரியாவிட்டால், ரத்தம் போகிறதென்று இரவில் இருவரும் பதறுவார்கள். அது மருந்தின் நிறம்தான்.

மூன்று, கிளம்பும் முன் ஒரு கேள்வி: 'ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் வந்தா யாருக்கு போன் பண்ணணும், எங்கே வரணும்?' வெளியூரிலிருந்து வந்து சிகிச்சை எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். சென்னையில் கீமோ எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் திரும்பும் குடும்பம், இரவில் மீண்டும் சென்னைக்கு ஓட முடியாது. ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைப் பகலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எந்தத் தேதியில் தரப்பட்டது என்று டாக்டர் எழுதிய தாளின் நகல் ஒன்று கணவரின் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும்.

அன்று இரவு மனைவிக்குத் தூக்கம் வராமல் போகலாம். முகம் சிவந்து, வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகக்கூட இருப்பார். அது ஸ்டீராய்டின் வேலை. 'அவ நல்லாத்தான் இருக்கா' என்று நம்பி வீட்டு வேலையை அவரிடம் விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு நின்றதும், மூன்றாம் நாள் வாக்கில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

நாள் 2 முதல் 5 வரை: சமையலறை கைமாறும் நேரம்

வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடுவது தவறான வழி. வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகளை, வாந்தி இருக்கிறதோ இல்லையோ, எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மொபைலில் அலாரம் வைத்துவிட்டால் மறக்காது. சில மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும். இரண்டு நாள் போகவில்லை என்றால் சொல்ல வெட்கப்படாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக இனிமா கொடுப்பது கூடாது.

இந்த நாள்களில் வாசனைதான் பெரிய எதிரி. தினமும் மணக்க மணக்கச் சாம்பார் வைத்தவருக்கே தாளிக்கும் வாசனை குமட்டலாம். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பது, ஆறிய உணவைக் கொடுப்பது, மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது உதவும். இட்லி, இடியாப்பம், கஞ்சி, நன்றாக வெந்த பருப்பு சாதம், வேகவைத்த முட்டை என எது இறங்குகிறதோ அது. வாயில் இரும்பு கடித்ததுபோல் ஒரு சுவை இருப்பதாகச் சொன்னால், எவர்சில்வர் தட்டு, ஸ்பூனுக்குப் பதில் பீங்கான் தட்டும் பிளாஸ்டிக் ஸ்பூனும் கொடுத்துப் பாருங்கள்.

சமைக்கத் தெரியாத கணவர்களுக்கு இது சங்கடமான நேரம்தான். படுக்கையிலிருந்து, 'என்னங்க, உப்பு டப்பா ரெண்டாவது தட்டுல இருக்கு' என்று குரல் வரும். அந்தக் குரல் வரட்டும். தன் சமையலறையை முழுதாக யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் படுப்பது பல பெண்களுக்கு நோயைவிடப் பெரிய வருத்தம். ரசப்பொடி எவ்வளவு என்று அவரிடம் கேட்டுச் செய்யும் ரசத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும்.

சுத்தம் பற்றியும் ஒரு விஷயம். கீமோ மருந்து சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். முதல் 48 மணி நேரத்துக்கு, டாய்லெட் மூடியைச் சாத்திவிட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்வது, வாந்தியைச் சுத்தம் செய்யும்போது கையுறை அணிவது, அழுக்கான துணிகளைத் தனியாகத் துவைப்பது நல்லது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இந்த வேலைகளை அவர் செய்ய வேண்டாம். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி அறை, பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது என்று சட்டம் போட்டுவிடுகிறார்கள். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. கட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் மடியில் படுக்கலாம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் மட்டும் விலகி இருக்க வேண்டும், அதுவும் அவரிடமிருந்து நமக்கு வந்துவிடும் என்பதற்காக அல்ல, நம்மிடமிருந்து அவருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக.

வாட்ஸ்அப் வைத்தியர்கள் ஜாக்கிரதை!

விஷயம் தெரிந்ததும் உறவினர்கள் கூட்டமாக வருவார்கள். முள்சீத்தா இலைச் சாறு, கோதுமைப்புல், 'கீமோ எடுத்தா உடம்பு தாங்காது, எங்க ஊர்ல ஒருத்தர் இலை மருந்து கொடுக்குறார்' என்று ஆளுக்கொரு யோசனை. எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். மனைவியிடம் நேரே போகவிடாமல் வாசலிலேயே இந்த யோசனைகளை வாங்கிவைத்துக்கொள்வது கணவரின் வேலை.

'மூலிகைதானே, என்ன கெடுதல்?' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நம் வீட்டு வாசலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் எடுக்கப்பட்டன. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். வேறொரு முக்கியமான மருந்தான பாக்லிடாக்ஸெல் முதலில் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. செடியில் மருந்து இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் மறுக்கவில்லை. செடியிலிருந்து பிரித்து, சுத்தப்படுத்தி, மில்லிகிராம் கணக்கில் அளந்து தருகிறார்கள். அதே நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் அது விஷம். எந்த இலைச் சாறும் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். கீமோ மருந்துகளில் பலவும் அங்குதான் போகின்றன. டாக்டரிடம் சொல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது.

நாள் 7 முதல் 14 வரை: தெர்மாமீட்டர் வாரம்

21 நாள்களில் மிக முக்கியமான வாரம் இதுதான். மனைவிக்கு வாந்தி நின்றிருக்கும். கொஞ்சம் சாப்பிடுவார். முகம் தெளிந்திருக்கும். பார்ப்பவர்களுக்கு, ஆபத்து தாண்டிவிட்டது என்று தோன்றும். உள்ளே, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அநேகமாக இப்போதுதான் மிகவும் குறைந்திருக்கும்.

வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இல்லாதபோது கிருமி நுழைந்தால், வழக்கமான அறிகுறிகள் தெரியாமல் போகலாம். சீழ் பிடிக்காது. வீக்கம் பெரிதாக இருக்காது. காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கலாம். அதைத் தவறவிட்டால், கிருமி ரத்தத்தில் பரவி சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

எனவே, வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, 'லேசா கதகதப்பா இருக்கு' என்று சொல்வது இங்கே போதாது. உடம்பு சரியில்லை என்று தோன்றினால் உடனே அளவு பார்க்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் காட்டிவிட்டால் அது அவசரம். டாக்டர் உங்களுக்கு வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். குளிர் நடுக்கம் வந்தால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் போன் செய்துவிடுங்கள்.

பெரும்பாலும் இது இரவில்தான் நடக்கும். மனைவி என்ன சொல்வார் என்பதும் தெரிந்ததுதான். 'ஒரு மாத்திரை போட்டுட்டுப் படுத்தா சரியாயிடும். காலையில பாத்துக்கலாங்க. பசங்க தூங்குறாங்க, எழுப்பாதீங்க.' அந்த ஓர் இரவு மட்டும் மனைவி சொல்லைக் கேட்கவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்கவும் கூடாது. மாத்திரையால் காய்ச்சல் இறங்கும். கிருமி அப்படியேதான் இருக்கும். தெர்மாமீட்டர் காட்டிய ஒரே எச்சரிக்கையும் மறைந்துபோகும்.

மருத்துவமனைக்கு உடனே கிளம்ப வேண்டும். வண்டி இல்லை என்றால் 108. அவசர சிகிச்சைப் பிரிவில் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார வேண்டாம். முதலில் பார்க்கும் நர்ஸிடமே, 'கீமோ எடுத்து 10 நாள் ஆகுது, இப்போ காய்ச்சல் 101' என்று சொல்லி, பர்ஸில் இருக்கும் தாளை நீட்ட வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குச் சாம்பிள் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் நடைமுறை. அதனால் வீட்டில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும். போய்ப் பார்த்து, 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பினால் சந்தோஷம். வீண் அலைச்சல் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் தவிர, உடனே டாக்டரை அழைக்க வேண்டியவை: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத ரத்தக்கசிவு, தண்ணீர்கூட தங்காத வாந்தி, அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர்க் குழப்பமான பேச்சு.

காய்ச்சல் வராமல் தடுக்க ஓரளவு வழி உண்டு. சோப்பு போட்டுக் கை கழுவுவதுதான் முதலிடம். வெளியிலிருந்து வரும் கணவரும் பிள்ளைகளும் நேரே குழாயடிக்குப் போக வேண்டும். கடைச் சட்னி, ஐஸ் போட்ட ஜூஸ், நறுக்கி விற்கும் பழங்கள், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர், சூடாகச் சமைத்த உணவு, தோலுரித்துச் சாப்பிடும் பழம் நல்லது. வாய்ப்புண் வந்தால் மென்மையான பிரஷ், உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிப்பு. ஊறுகாயும் காரமும் சில நாள்களுக்குத் தள்ளி இருக்கட்டும். கல்யாணம், கோயில் திருவிழா எனக் கூட்டம் கூடும் இடங்களை இந்த வாரம் தவிர்த்தால், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாள் 14 முதல் 21 வரை: தலையணையில் முடி

இந்த வாரம் மெல்ல மெல்லத் தெம்பு திரும்பும். அதே நேரத்தில்தான் முடி கொட்டத் தொடங்கும். எல்லா கீமோ மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. மேலே சொன்ன சிவப்பு மருந்துக்குப் பெரும்பாலும் கொட்டும். காலையில் தலையணையில், குளிக்கும்போது கையில், சீப்பில் என்று கொத்துக் கொத்தாக வரும்.

'முடிதானே, மறுபடி வளரும்' என்பது உண்மை. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு வளர்ந்துவிடும். ஆனால், அந்தக் காலை நேரத்தில் அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்காது. தினமும் பின்னி, பூ வைத்த தலை அது. அழட்டும். பக்கத்தில் இருங்கள். தலையணையைச் சத்தமில்லாமல் உதறி, புது உறை மாற்றுங்கள். கொட்டத் தொடங்கும் முன்பே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதா, மொட்டை அடித்துக்கொள்வதா, விக் வேண்டுமா, பருத்தித் துணி போதுமா என்பதெல்லாம் அவர் முடிவு. பிள்ளைகளிடம் முன்கூட்டியே, 'அம்மாவுக்கு மருந்தால முடி கொட்டும், அப்புறம் வளரும்' என்று சொல்லிவைத்தால், அவர்கள் பயப்பட மாட்டார்கள். புருவமும் இமை முடியும் கொட்டலாம் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

'தைரியமா இரு' என்பதற்குப் பதில்...

கீமோ எடுக்கும் ஒருவர் ஒரு நாளில் அதிக முறை கேட்கும் வார்த்தை, 'தைரியமா இரு.' நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், அதைக் கேட்ட பிறகு, 'எனக்குப் பயமா இருக்கு' என்று அவரால் சொல்ல முடிவதில்லை. கணவர் தைரியமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள, மனைவியும் தைரியமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள, இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு தனித்தனியாகப் பயப்படுவார்கள்.

'எதை நினைச்சுப் பயமா இருக்கு?' என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் பல நேரம் எதிர்பாராததாக இருக்கும். சாவைப் பற்றி இருக்கும் என்று நினைத்தால், மகளின் பிளஸ் டூ பரீட்சை பற்றி இருக்கும். நகையை அடகு வைத்தது பற்றி இருக்கும். அவற்றுக்குப் பதில் சொல்ல முடியும். பதில் இல்லாத கேள்விகளுக்கு, 'எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா, ஒவ்வொரு தடவையும் நான் கூட வருவேன்' என்பதே போதும்.

சில வீடுகளில் நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கிறார்கள். கீமோ வார்டில் போய் உட்கார்ந்த பிறகு அது மறைக்கக்கூடிய விஷயம் அல்ல. தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரியும்போது வரும் தனிமை பெரிது. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்த அளவுக்கு உண்மையைச் சொல்வதுதான் மரியாதை.

நோயாளி கணவராக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி வரும். பல ஆண்கள் காய்ச்சலையும் வலியையும் சொல்லவே மாட்டார்கள். 'எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய்த் தூங்கு' என்பார்கள். அங்கே மனைவி, கேட்காமலே தெர்மாமீட்டரை நீட்ட வேண்டியிருக்கும்.

பணமும் பயணமும்

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற முடியும். கீமோவும் இதில் அடக்கம். வருமான வரம்பு உண்டு. அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இதற்கான உதவி மையம் இருக்கும். கட்டணமில்லாத் தொலைபேசி: 1800 425 3993. அட்டை இல்லாதவர்கள் முதல் டோஸுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன்அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்டது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்ததே அதற்கான விதை. வெளி மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ஒரு தகவல்: சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு ஸ்லீப்பர் மற்றும் மூன்றடுக்கு ஏ.சி வகுப்பில் ரயில்வே முழுக் கட்டணச் சலுகை தருகிறது. உடன் செல்லும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவிகிதச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கி, முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும்.

கவனிப்பவரையும் கவனியுங்கள்

வேலை, மருத்துவமனை, சமையல், பிள்ளைகள், பணம் எல்லாம் ஒருவர் தலையில் ஏறினால், மூன்றாவது சைக்கிளுக்குள் அவர் படுத்துவிடுவார். 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க' என்று கேட்பவர்களிடம் கூச்சப்படாமல் குறிப்பாகச் சொல்லிவிடுங்கள். 'வியாழக்கிழமை பையனை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வர முடியுமா?', 'ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு கொடுத்து விட முடியுமா?' கேட்டால் செய்யத் தயாராக இருப்பவர்கள் அதிகம்.

முக்கியமாக, லீவு. கையில் இருக்கும் லீவை எல்லாம் கீமோ நாளிலேயே தீர்த்துவிட வேண்டாம். மூன்றாம் நாளுக்கு ஒன்று, 7 முதல் 14 நாள்களுக்குள் அவசரத்துக்கு இரண்டு என்று பிரித்துவையுங்கள். அக்காவின் ஊர்ப் பயணத்தையும் அப்படியே தள்ளிப் போடலாம். தூக்கமில்லை, எரிச்சல், எதற்கெடுத்தாலும் அழுகை என்று கவனிப்பவருக்கே தோன்றினால், 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். இலவசம்.

இரண்டாவது கீமோவுக்கு முன்...

21-ம் நாள் மீண்டும் டாக்டரைப் பார்க்கும்போது, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் கேட்பார்: 'எப்படி இருந்தீங்க?' பெரும்பாலான நோயாளிகள், 'பரவாயில்லை டாக்டர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பட்ட கஷ்டம் மறந்திருக்கும், அல்லது சொல்லக் கூச்சமாக இருக்கும்.

அப்போது கணவர் நோட்டைத் திறக்க வேண்டும். 'மூணாம் நாள் எட்டு தடவை வாந்தி, ஆறாம் நாள் வாய்ப்புண், பத்தாம் நாள் 99.8 வந்து இறங்கிடுச்சு.' அதைக் கேட்டு வாந்திக்கு வேறு மருந்து எழுத முடியும். வெள்ளை அணுக்களை உயர்த்தும் ஊசி தேவையா என்று முடிவெடுக்க முடியும். டோஸைக் குறைக்கவோ, தள்ளிப்போடவோ முடியும். இரண்டாவது சைக்கிள் முதலாவதைவிடக் கொஞ்சமாவது எளிதாக அமைய, அந்தப் பத்து ரூபாய் நோட்டு உதவும்.

இதுவரை எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை. இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பார்த்து, அங்கிருந்தே தொடங்கலாம். வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள்.